கொலுப் புகைவண்டிக்கு ஒரு மலைத்திரை

புகைவண்டி ஓடுவதற்கு இரண்டு தண்டவாளங்கள் போதும். ஆனால் அது ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊரை நாடிச் செல்கின்றது என்று காண்பவர் நெஞ்சம் நம்ப வேண்டுமானால், தண்டவாளம் மட்டும் போதாது. பின்னால் ஒரு மலை வேண்டும். ஓர் ஏரி வேண்டும். ஒன்றுமில்லையேல் ஒரு வானமாவது வேண்டும். வெள்ளையடித்த சுவரை ஒட்டிச் சுற்றி வரும் விளையாட்டு வண்டி எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் செக்கைச் சுற்றும் மாட்டையே நினைவூட்டும். அதே வண்டிக்குப் பின்னால் நீல மலை ஒன்றை நிறுத்திவிட்டால், அடுத்த நொடியே அது பயணம் புறப்பட்டுவிடுகின்றது. இவ்வுண்மையைச் சென்ற நவராத்திரிக் காலத்தில் நம் இல்லத்தில் கண்டறிந்தோம். அதனை நம் சங்கத்துக் குடும்பங்களுடன் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் வாழும் கடக்வாஸ்லா, புனே நகருக்குத் தென்மேற்கே சுமார் இருபது கிலோமீட்டர் தொலைவில், முட்டா ஆற்றின் அணையை ஒட்டி அமைந்த ஊர். இருப்புப்பாதை எழுத்தராகிய நாம் இருப்புப்பாதையே இல்லாத ஊரில் குடியிருப்பது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். வாடகையும் ஏரிக்காற்றும் அவ்வாறு முடிவு செய்தன என்பதே விடை. நாள்தோறும் காலையில் பேருந்து ஏறிச் சுவார்கேட் சென்று, அங்கிருந்து நிலையத்து அலுவலகத்தை அடைகின்றோம். பகலெல்லாம் வண்டிகளின் பெயரும் எண்ணும் நம் காதில் ஒலித்துக் கொண்டேயிருக்கும். மாலையில் வீடு திரும்பினால் வண்டிச் சத்தமே இராது. நம் மகளுக்குப் புகைவண்டி என்பது ஆண்டுக்கொரு முறை தென்காசிக்குப் போகும்போது மட்டும் காணும் பொருள்.

கடக்வாஸ்லாவுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இது சிற்றுருக்களின் ஊர். 1916-ஆம் ஆண்டில் தோன்றிய மத்திய நீர் மற்றும் மின்சக்தி ஆய்வு நிலையம் இங்கேதான் இயங்குகின்றது. துறைமுகங்களையும் ஆறுகளையும் அணைகளையும் சிறிய அளவில் கட்டி, நீரை விட்டுப் பார்த்து, பெரிய அளவில் கட்டும்போது என்ன நேரும் என்பதை அங்குள்ள அறிஞர்கள் முன்கூட்டியே கணிக்கின்றனர். அருகிலேயே 1949-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டி, 1955-இல் தொடங்கிய தேசியப் பாதுகாப்பு அகாதெமி விளங்குகின்றது. இவ்விரு நிலையங்களையும் நாடித் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு வந்து சேர்ந்தன. ஆற்றையே கூடத்துக்குள் அடக்கும் ஊரில், நாம் ஒரு மலையைக் கூடத்துக்குள் அடக்க முயன்றதில் வியப்பில்லை அன்றோ?

நிற்க. இம்முயற்சி தொடங்கிய விதத்தைச் சொல்வோம். நம் அலுவலக நண்பர் ஒருவர் மாற்றலாகிச் சென்றபோது, தம் மகன் விளையாடி முடித்த சிற்றுருப் புகைவண்டி ஒன்றை நம் மகளுக்குக் கொடுத்துச் சென்றார். ஓர் இஞ்சின், மூன்று பெட்டிகள், நீள்வட்டமாக அமையும் தண்டவாளத் துண்டுகள், மின்கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று. இதனை ‘எச்.ஓ.’ அளவு என்பர். உண்மையான வண்டியில் எண்பத்தேழில் ஒரு பங்கு. இதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர்; மேலைநாட்டு இருப்புப்பாதையின் 1,435 மில்லிமீட்டரை அது குறிக்கின்றது. நம் நாட்டு அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். அதே கணக்கில் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரவேண்டும். எனவே வண்டி அயல்நாட்டது, பாதையும் அயல்நாட்டது. அதனை நம்மவர் வண்டியாக்கும் பொறுப்பு முழுவதும் பின்திரையின் மேல் விழுந்தது.

கொலுப்படிகளுக்குப் பக்கத்தில் கூடத்தின் மூலையை ஒதுக்கித் தருவதாக நம் இல்லாள் இசைந்தார். ஆறடி நீளம், நான்கடி அகலமுள்ள பலகை. அதன் இரு பக்கம் சுவர். ஆகவே ஆறடியும் நான்கடியும் சேர்ந்து பத்தடி நீளத் திரை தேவைப்பட்டது.

அவ்வாண்டில் இன்னொன்றும் நிகழ்ந்திருந்தது. தென்காசியில் நம் முன்னோர் வாழ்ந்த வீடு பங்காளிகளுக்குள் பாகம் பிரிக்கப்பட்டு, சித்திரை மாதத்தில் விற்கப்பட்டது. நம் அன்னையார் தம் இரும்புப் பெட்டியையும், பழைய மரப்பாச்சிப் பொம்மைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு நம்முடன் நிரந்தரமாக இங்கு வந்துவிட்டார்கள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாலை வேளைகளில் பின்கட்டுத் திண்ணையில் அமர்ந்து மலைப்பக்கம் பார்த்துக் கொண்டிருப்பார்கள். பேசாதவர்களின் துயரத்துக்கு நாம் எந்தச் சொல்லால் ஆறுதல் கூற இயலும்? எனவே நாமும் பேசவில்லை.

வீட்டுக்குள் மலையைக் கொண்டுவர வர்ணம் ஒன்றே வழி என்பதைக் கணக்கே காட்டும். சிங்ககட் கோட்டை கடல்மட்டத்துக்கு மேல் 1,312 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடக்வாஸ்லா ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 730 மீட்டர் நிமிர்ந்து நிற்கின்றது. இதனை எண்பத்தேழால் வகுத்தால் எட்டு மீட்டருக்கு மேல் வரும். அதாவது இருபத்தேழு அடி. நம் வீட்டுக் கூரையோ பத்தடிக்குள் அடங்கியது. அன்றியும், அணையிலிருந்து கோட்டை நேர்க்கோட்டில் சுமார் எட்டு கிலோமீட்டர். அதையும் வகுத்தால் தொண்ணூற்றிரண்டு மீட்டர். ஆக, கணக்கின்படி நம் சிற்றுரு மலை அடுத்த தெருவில் நிற்க வேண்டும்! மண்ணாலும் அட்டையாலும் முடியாததை மெல்லிய வர்ணப் பூச்சு முடித்துத் தருகின்றது.

இக்கலை நம்மவர்க்குப் புதியதன்று. நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சென்ற காலத்தில் படுதாக்களே அவற்றின் பெருஞ்செல்வம். அரண்மனைப் படுதா, வனப் படுதா, தெருப் படுதா என்று சுருட்டி வைத்த துணிகள் அவிழும்போது கொட்டகை முழுவதும் வேறோர் உலகுக்குப் போய்விடும். நாட்காட்டிப் படங்களால் புகழ்பெற்ற ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிய கையினரே. பின்னர் கோவில்பட்டியில் தங்கி, தம் மாணவர் பலரை உருவாக்கினார். புகைப்படக் கூடங்களில் மாளிகைப் படிகளும் பூங்காவும் தீட்டிய பின்திரைக்கு முன் நின்று படமெடுத்துக் கொள்ளாத குடும்பம் அக்காலத்தில் குறைவு. மராட்டியரும் நாடகப் பற்று மிக்கவர்களே. அவர்கள் ‘படதா’ என்பதும், நாம் ‘படுதா’ என்பதும் பாரசீகத்திலிருந்து வந்த ஒரே சொல்லின் இரு வடிவங்கள். எனவே மராட்டிய மண்ணில் ஒரு தமிழ்ப் படுதா எழுதுவது உறவு முறைக்கு முற்றும் பொருந்திய செயலேயாகும்.

படுதா எழுதுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எதை எழுதுவது?’ என்பதன்று; ‘யார், எங்கிருந்து பார்ப்பார்?’ என்பதே. அடிவானம் எப்போதும் பார்ப்பவர் கண்ணின் உயரத்திலேயே நிற்கும். கடற்கரையில் அமர்ந்தால் கடலின் விளிம்பு கண்ணுக்கு நேரே இருக்கும்; எழுந்தால் அதுவும் உடன் எழும். மேலைநாட்டார் தம் சிற்றுரு வண்டிகளைப் பெரும்பாலும் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ பார்ப்பர். அவர்களுடைய நூல்கள் அவ்வாறே அளவு கூறும். நம் கொலுவுக்கு வருவோரோ பாயில் அமர்ந்து, பாடி, சுண்டல் பெற்றுச் செல்வர். தரையில் அமர்ந்தவர் கண் சுமார் இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். பலகையை இரண்டடி உயர முக்காலிகளின் மேல் வைத்தோம். ஆகவே அடிவானக் கோட்டைப் பலகைக்கு மேல் ஆறங்குலத்தில் கிழித்தோம். திரையின் மொத்த உயரம் இரண்டடி. கொலுவுக்கென்று எழுதும் எந்தத் திரைக்கும் இவ்வளவு பொருத்தமானதெனக் கருதுகின்றோம்.

இனி எதை எழுதுவது? இங்கேதான் இல்லத்தில் கருத்து வேற்றுமை தோன்றியது.

நம் மகளுக்கு வயது பத்து. பிறந்தது புனேயில், படிப்பது இங்கே. ‘நம் ஊர்’ என்று பள்ளியில் படம் வரையச் சொன்னால், சிங்ககட்டையும் அதன் உச்சியிலுள்ள தொலைக்காட்சிக் கோபுரத்தையும் வரைவாள். 1670-ஆம் ஆண்டில் தானாஜி மாலுசரே அக்கோட்டையை மீட்கப் போரிட்டு உயிர் துறந்த வரலாறு அவளுக்கு மனப்பாடம். “அப்பா, சிங்ககட்டும் ஏரியும்தான் எழுத வேண்டும்; வண்டி டெக்கான் குயீன்” என்று அவள் முடிவே செய்துவிட்டாள். இல்லாளுக்கு மேட்டுப்பாளையம் பிறந்தகம். 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் ஏறிய நீலகிரி மலைப்பாதையைத் தவிர வேறு பாதையைப் பாதையென்றே அவர் ஒப்புவதில்லை. பன்னிரண்டரை அடிக்கு ஓரடி வீதம் பற்சக்கரத்தைப் பற்றி ஏறும் வண்டி உலகப் பாரம்பரியச் சின்னமாக 2005-இல் அறிவிக்கப்பட்டதையும் எடுத்துக் காட்டினார். அடுத்த வீட்டு இராமநாதபுரத்து நண்பர், “பாம்பன் பாலம் எழுதுங்கள், கடலும் வானமும் மட்டும் போதும், வேலை மிச்சம்” என்று யோசனை கூறினார்.

நம் அன்னையார் ஒன்றும் கேட்கவில்லை. பழுப்புக் காகிதத்தில் நாம் கரியால் சிங்ககட்டின் வடிவைக் கீறிக் கொண்டிருந்தபோது அருகில் வந்து நின்றார்கள். வெகுநேரம் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. நம்ம மலை இப்படித் தட்டையா இருக்காது” என்று மட்டும் சொன்னார்கள். “உங்கள் மலை எப்படி ஆச்சி இருக்கும்?” என்று பேத்தி கேட்டாள். ‘உங்கள் மலை’ என்ற அச்சொல்லைக் கேட்டபோது நமக்கு நெஞ்சில் ஏதோ தைத்தது. குழந்தை தவறாக ஒன்றும் கேட்கவில்லை. அவள் அறிந்த அளவில் அது ஆச்சியின் மலைதான். வீடும் போனபின், அவளை அம்மலைக்கு அழைத்துச் செல்லக் காரணமும் குறைந்துவிடும். ஆச்சிக்குப் பின் அதன் வடிவம் நம் குடும்பத்தில் யார் கண்ணில் இருக்கும்?

அன்னையார் கரித்துண்டை வாங்கிக்கொண்டார்கள். எழுத்தறிவு ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். கோலம் தவிர வேறொன்றும் வரைந்தறியாதவர்கள். கோலமிடும் கையின் உறுதியோடு, ஒரே இழையில், இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்தார்கள். மூன்று முகடுகள் எழுந்தன. திரிகூடம் என்ற பெயரே அதனால் வந்தது. பின்னர் ஒரு தாழ்வு; அப்பால் செங்கோட்டைக் கணவாய். “இந்தப் பள்ளத்து வழியாத்தான் சாரல் வரும்; இந்தப் பள்ளத்து வழியாத்தான் ரயிலும் போகும்” என்றார்கள். 1904-இல் புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே மலையைக் குடைந்து திறந்த அப்பாதை, 2010-இல் மூடப்பட்டு அகலப்பாதையாக்கப் பெற்று, 2018-இல் மீண்டும் திறந்தது. அன்னையார் கண்டதெல்லாம் பழைய மீட்டர்ப் பாதை வண்டியைத்தான்.

“அருவியும் எழுதுங்கள்” என்றாள் பேத்தி. “நம்ம வீட்டு மொட்டைமாடியில இருந்து அருவி தெரியாதுட்டி. முகட்டுல மேகம் இறங்கினா, அருவியில தண்ணி விழுதுன்னு தெரிஞ்சுக்கிடுவோம். மேகத்தைப் போடு, போதும்” என்றார்கள். பின்திரைக் கலையின் பெருவிதியை அன்னையார் தாமறியாமலே கூறிவிட்டார்கள் என்பது நம் துணிபு. நின்ற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும். நாம் அறிந்ததையெல்லாம் எழுதலாகாது.

மறுநாள் மாலை நாமும் மகளும் ஏரிக்கரைக்குச் சென்று சிங்ககட்டை அளந்தோம். முறை எளிது. கையை நன்றாக நீட்டி, அடிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், மலையின் அடிக்கும் முடிக்கும் இடையே எத்தனை அங்குலம் என்பது தெரியும். கண்ணிலிருந்து கோல் இரண்டடி. மலை ஏறக்குறைய இரண்டங்குலம். திரைக்கு ஆறடி தள்ளி ஒருவர் அமர்ந்தால், அதே மலை மும்மடங்காக ஆறங்குலம் இருக்க வேண்டும். நாம் எட்டங்குலமாக உயர்த்தினோம். ஆற்றின் சிற்றுருக்களில் நீளத்துக்கு ஓர் அளவும், ஆழத்துக்குச் சற்றுப் பெரிய அளவும் வைப்பதுண்டு. இல்லையேல் நீர் படலம் போலாகிவிடும். மலையும் அவ்வாறே. நேரில் காணும்போது மனம் அதைப் பெரிதாக்கிக் கொள்கின்றது. படத்தில் அப்பணியைத் தூரிகை செய்ய வேண்டும்.

இரண்டு மலைகளின் வடிவம் வேறுபடுவதற்குக் காரணமும் உண்டு. சகியாத்திரியின் இப்பகுதி சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்து உண்டானது. எனவே படிப்படியாகவும், உச்சி தட்டையாகவும் நிற்கின்றது. அவ்வுச்சிகளே மராட்டியர்க்குக் கோட்டை கட்ட இடம் கொடுத்தன. தெற்கே குற்றாலத்து மலைகள் அதனினும் மிகத் தொன்மையான பாறைகளால் ஆனவை. முகடுகளும் வளைவுகளுமாக எழுபவை. ஆயினும் இரண்டும் ஒரே மேற்குத் தொடர்ச்சி மலைதான். தபதி ஆற்றங்கரையிலிருந்து குமரிமுனை அருகு வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நீண்டு, பாலக்காட்டருகே மட்டும் பெரிய இடைவெளி விட்டுச் செல்லும் மலைச்சுவர் அது.

இதனை வரைபடத்தில் மகளுக்குக் காட்டினோம். தென்காசியிலும் புனேயிலும் நாம் மலைக்குக் கிழக்கேதான் வாழ்கின்றோம். மேற்கு நோக்கி நின்றால் இடக்கைப் பக்கம் தெற்கு. வலக்கைப் பக்கம் வடக்கு. அவள் வரைபடத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். “அப்படியானால் ஆச்சி மலை இடப்பக்கம், நம் மலை வலப்பக்கம், இரண்டுக்கும் ஒரே திரை போதுமே!” என்றாள். அன்னையார் அதற்கு, “ஆமா, இங்கயும் சூரியன் மலைக்குப் பின்னாலதானே விழுது” என்றார்கள். பின்கட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர்கள் அத்தனை மாதமாக எதைப் பார்த்தார்கள் என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

அவ்வாறே முடிவாயிற்று. இடப்பக்கத்து ஆறடியில் திரிகூடம்; வலப்பக்கத்து நான்கடியில் சிங்ககட்டும் ஏரியும்; மூலை வளைவில் நீலகிரியின் சாயலாக மங்கிய ஒரு தொடர். இல்லாளின் வழக்கும் இவ்வாறு தீர்ந்தது. பாம்பன் நண்பரிடம் மட்டும் அடுத்த ஆண்டுக்குத் தவணை கேட்டுக் கொண்டோம்.

இனி, எழுதிய முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள ஹார்டுபோர்டுப் பலகைகளை இரண்டடி அகலத்தில் அறுத்து வாங்கினோம். மூலையில் மடிப்பு விழலாகாது. வானத்தில் மூலை கிடையாது. ஆகவே பலகையை ஈரத்துணியால் நனைத்து மெல்ல வளைத்து, பின்புறம் மரச்சட்டம் அடித்தோம். இணைப்பில் மெல்லிய துணிப்பட்டை ஒட்டி, பட்டி பார்த்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தோம். அதன்மேல் பிரைமர் இருமுறை. வர்ணம் பளபளப்பில்லாத சுவர் வர்ணமாக இருத்தல் முக்கியம். பளபளப்பு இருப்பின் விளக்கின் பிம்பம் மலையுச்சியில் இரண்டாம் நிலவாகத் தோன்றும்.

வானத்துக்கு மூன்று கிண்ணங்கள்: ஒன்றில் நடுத்தர நீலம், ஒன்றில் வெளிர்நீலம், ஒன்றில் பெரும்பாலும் வெள்ளையோடு ஒரு துளி மஞ்சள். உச்சியில் நீலம், அடிவானத்தருகே வெளுப்பு. காற்றுமண்டலத்தை நாம் அடிவானப் பக்கம் பார்க்கும்போது நெடுந்தூரம் ஊடுருவிப் பார்க்கின்றோம். சிதறிய ஒளி சேர்ந்து சேர்ந்து அங்கே வானம் வெளிறுகின்றது. மூன்று வர்ணங்களையும் ஈரம் காயுமுன் அகன்ற தூரிகையால் பக்கவாட்டில் இழுத்து ஒன்றாக்க வேண்டும். இருவர் சேர்ந்து செய்வது நன்று. ஒருவர் பூச, மற்றொருவர் இழைக்கலாம்.

மலைகளுக்கும் அதே நியாயம். தொலைவு கூடக்கூட மலைக்கும் நமக்கும் இடையே காற்று கூடுகின்றது. காற்றின் நீலம் மலையின் பச்சையை விழுங்குகின்றது. இதனை இத்தாலிய ஓவியர் லியோனார்டோ டாவின்சி ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து எழுதினார். எனவே மலை வர்ணத்தைத் தனியாகக் கலக்காமல், வான வர்ணத்திலிருந்தே தொடங்கினோம். தொலைவான தொடருக்கு நான்கு பங்கு வானமும் ஒரு பங்கு பச்சையும், நடுத்தொடருக்கு இரண்டுக்கு ஒன்று, அருகிலுள்ளதற்குச் சரிபாதி. எந்த மலையிலும் தனி மரமோ பாறையோ எழுதவில்லை. பின்திரை தன்னைக் காட்டிக்கொள்ளலாகாது. வண்டியைக் காட்டுவதே அதன் கடமை. சிங்ககட் உச்சியில் தொலைக்காட்சிக் கோபுரம் மட்டும் மகளின் வேண்டுகோளின்படி மெல்லிய கோடாக ஏறிற்று.

எந்தப் பருவத்தை எழுதுவது என்பதையும் எண்ணிப் பார்த்தோம். சகியாத்திரி நான்கு மாதம் பச்சை. பின்னர் வைக்கோல் நிறம். நவராத்திரி வரும்போது பச்சை மங்கத் தொடங்கி, ‘சோன்கி’ என்று மராட்டியர் கூறும் மஞ்சள் பூ சரிவுகளில் பூத்திருக்கும். அதற்காகச் சிங்ககட் சரிவில் மஞ்சளை மிக இலேசாக ஒற்றினோம். தென்மலைக்கு அன்னையார் கேட்டது ஆனி மாதத்து நீலப்பச்சை, முகட்டில் மேகம். இரு பருவங்கள் ஒரே திரையில் வரலாமோ என்று ஐயுறுவோர், வண்டி இரண்டு இரவு ஓடி வருவதை நினைவிற் கொள்க.

பலகையும் திரையும் சேரும் இடமே பொய் வெளிப்படும் இடம். அங்கே பாதையோ ஆறோ நேராகத் திரைக்குள் ஓடுமாறு எழுதலாகாது. பார்ப்பவர் சற்று நகர்ந்தாலும் அது முறிந்து தோன்றும். சேர்க்கையை மறைக்கச் செடிகளும் மேடுகளும் வேண்டும். இதற்கு நம் கொலுவில் வழிவழியாக உள்ள கடுகு முளையே கைகொடுத்தது. ஈரமண்ணில் தூவிய கடுகு சில நாட்களில் இரண்டங்குலம் வளர்ந்தது. எண்பத்தேழு மடங்கு கணக்கில் அது பதினான்கரை அடி மரம்! கடையில் வாங்கும் எந்தச் செயற்கை மரமும் அதற்கு ஈடாகாது. திரைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே ஐந்தங்குலம் விட்டதனால் வண்டியின் நிழல் வானத்தில் விழவில்லை. விளக்கை முன்புறம் மேலே வைத்தோம்; கொலுப்படியின் வண்ணச் சீரியல் விளக்குகள் இப்பக்கம் படாதவாறு தள்ளிக் கட்டினோம். செட்டியார் பொம்மையையும் படியோடு நிறுத்திக் கொண்டோம். பலகையில் இறங்கினால் அவர் சிங்ககட்டையே கைப்பிடிச் சுவராகக் கொள்வார்!

உலகில் இதனைப் பெரும் வேள்வியாகச் செய்தவர்கள் உண்டு. நம் புனேயின் கோத்ரூட் பகுதியில், பாவு ஜோஷி அவர்கள் தம் வாழ்நாள் ஆர்வத்தால் அமைத்த சிற்றுரு இருப்புப்பாதை அருங்காட்சியகம் 1998 ஏப்ரல் முதல் நாள் திறக்கப்பட்டது. சங்கத்துக் குழந்தைகள் தவறாது காணவேண்டியது. இங்கிலாந்தில் பெண்டன் என்னும் அருங்காட்சியகத்தை 1954-இல் தொடங்கிய ராய் இங்கிலாந்து என்பவரின் வரலாறு நம்மவர்க்கு நெருக்கமானது. அவர் ஆஸ்திரேலியாவில் பிறந்து 1925-இல் அந்நாட்டுக்குச் சென்றவர். கூரை வேய்ந்த பழைய கிராமத்து வீடுகள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டு மனம் வருந்தி, அவற்றைச் சிற்றுருவில் காக்கத் தம் வாழ்வையே செலவிட்டார். பிறந்த ஊரார் கவனியாததைக் குடியேறியவன் கண் கவனிக்கும் போலும்.

நவராத்திரி ஒன்பது நாளும் நம் கூடம் நிரம்பியது. நாம் எதிர்பாராத ஒன்றைக் கண்டோம். வண்டி வலப்பக்கம் வரும்போது மராட்டியக் குழந்தைகள், “டெக்கான் குயீன்! டெக்கான் குயீன்!” என்று கூவினர். 1930 ஜூன் முதல் நாளன்று மும்பைக்கும் புனேக்கும் இடையே ஓடத் தொடங்கிய அவ்வண்டி இந்நாட்டார்க்குச் செல்லப்பிள்ளை. அதே வண்டி வளைவைக் கடந்து இடப்பக்கம் சென்றதும், நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர், “அதோ, செங்கோட்டை பாசஞ்சர்” என்றார். இஞ்சின் ஒன்றே, பெட்டிகளும் அவையே. பெயரை மலைகள் அல்லவோ மாற்றின!

வந்தவர்களுக்கெல்லாம் மலைகளின் பெயரைச் சொல்லும் பொறுப்பை நம் மகள் ஏற்றுக்கொண்டாள். முதல் நாள் “இது ஆச்சி மலை” என்று சொன்னவள், இடையில் ஒரு நாள் மராட்டியத்தில் தன் தோழியிடம், “இரண்டும் எங்கள் மலைதான், நடுவில் வண்டி இரண்டு இரவு ஓடும்” என்று கூறியதைக் கேட்டோம். அன்னையார் அப்போது தாம்பூலம் மடித்துக் கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மராட்டியம் தெரியாது. எனவே நாம் தமிழில் சொன்னோம். “அப்படியா சொன்னா?” என்று கேட்டு, வெற்றிலையில் பாக்கை வைத்து மடித்தார்கள். அன்றிரவு, வீட்டை விற்றபின் முதன்முறையாக, அந்த மொட்டைமாடியைப் பற்றியும், அங்கு வடகம் காயவைத்ததைப் பற்றியும், மேகம் இறங்கினால் ஓடிப்போய் எடுத்ததைப் பற்றியும் பேத்திக்கு வெகுநேரம் கதை சொன்னார்கள்.

சங்கத்து அன்பர்களே! வர்ணமும் பலகையும் உட்பட நமக்கு ஆன செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. வேலை நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். மின்வண்டி இல்லாதோர் மரவண்டி ஒன்றைக் கயிற்றால் இழுத்தாலும் திரை தன் வேலையைச் செய்யும். மலை இல்லாத ஊரார் மனம் தளர வேண்டா. தஞ்சைத் தரணியார்க்கு அடிவானத்தில் பனைவரிசையும் ஒரு கோபுரமும் போதும். கடற்கரையார்க்கு ஒரு நீலக்கோடு போதும். எழுதும் முன் உங்கள் இல்லத்து மூத்தவரை அருகில் அமர்த்தி, அவர் வீட்டு வாசலில் நின்றால் என்ன தெரியும் என்று கேளுங்கள். கரித்துண்டை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அவர் இழுக்கும் கோடு எந்தப் புகைப்படத்திலும் கிடைக்காது. அதைக் கேட்டு வாங்கும் காலமும் நீண்டதன்று.

வரும் நவராத்திரியில் சங்கத்தார் எழுதிய திரைகளையெல்லாம் ஓர் அரங்கில் வரிசையாக நிறுத்த இயலுமாயின், குமரிமுனை முதல் கடக்வாஸ்லா வரை ஒரே வண்டி ஓடலாம். தண்டவாளத்தை நாம் கொண்டு வருகின்றோம். மலைகளையும் வயல்களையும் கடலையும் தாங்கள் கொண்டு வருக.